தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் ஒரு வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்வது வழக்கம். புதிய எருசலேம் ஆலயத்தின் வாசலில் நிற்கும்போது மாணவர்களும், உடன் வரும் பெற்றோரும், சில நேரங்களில் வழிப்போக்கர்களும் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்த ஓர் இளைஞர் நாள்தோறும் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே அவற்றுள் பெரும்பாலானவற்றின் சாரம். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

சீகன்பால்கு யாருங்க? வந்தப்ப என்ன வயசு?

பர்த்தொலோமேயு சீகன்பால்கு 1682 ஜூலை 10 அன்று ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். ஹாலே நகரில் அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்பவரிடம் இறையியல் பயின்றார். உடல்நலம் சரியில்லாததால் படிப்பைத் தொடர்ந்து நடத்த அவரால் இயலவில்லை.

1706 ஜூலை 9 அன்று, தம் 24ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அவர் தரங்கம்பாடிக் கடற்கரையை அடைந்தார். உடன் வந்தவர் ஹென்ரிக் புளூட்சோ. இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் இவர்கள் இருவருமே. சிலையைப் பார்க்கும் மாணவர்கள் அவரை முதியவராகவே எண்ணிக்கொள்கிறார்கள். கல்லூரி முடித்து முதல் வேலை தேடும் வயதில் இருந்த ஒருவர் என்பதை நினைவில் வைத்தால்தான் கீழே வரும் விடைகள் புரியும்.

ஜெர்மனிக்காரர் எதுக்கு டென்மார்க் ஊருக்கு வந்தார்?

தரங்கம்பாடி 1620 முதல் டென்மார்க் கம்பெனியின் கையில் இருந்தது. தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் அவர்கள் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் தம் ஆட்சிக்கு உட்பட்ட இந்த ஊருக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பினார். தம் நாட்டில் ஆள் கிடைக்காததால் அரண்மனைக் குரு மூலமாக ஜெர்மனியில் தேடினார். அப்படிக் கிடைத்தவர்களே இந்த இருவர். 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அம்மாத இறுதியிலேயே கப்பல் ஏறினார்கள்.

மன்னர் அனுப்பின ஆள்னா ராஜ மரியாதை கிடைச்சிருக்குமே?

கிடைக்கவில்லை. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவர்களை வேண்டாத விருந்தாளிகளாகவே நடத்தினார். கரையிறங்கிய முதல் நாளிலேயே நெடுநேரம் காக்கவைக்கப்பட்டார்கள். தங்க இடமும் உடனே தரப்படவில்லை. கம்பெனிக்கு வணிகமே முதன்மை. மதத்தைப் பற்றிய பேச்சு ஊரில் கலகம் கிளப்பும், தஞ்சை அரசுடன் உள்ள உறவைக் கெடுக்கும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது என்றே நான் கருதுகிறேன். இந்தப் பகை எங்கே போய் முடிந்தது என்பதைச் சிறை பற்றிய விடையில் காணலாம்.

தமிழை யாருகிட்ட கத்துக்கிட்டார்? அப்போ அகராதி எல்லாம் இருந்துச்சா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிக நீண்ட நேரம் விடை சொல்வது வழக்கம். அவருக்குப் பயன்படும் வகையில் அச்சிட்ட இலக்கணமோ அகராதியோ கையில் இல்லை. ஆகவே, எழுபது வயதை எட்டிய உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் பேசி, அவருடைய திண்ணைப் பள்ளியையே தம் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலைப் பரப்பி, விரலால் அ, ஆ எழுதிக் கற்றபோது, சீகன்பால்குவும் புளூட்சோவும் அவர்களுடனேயே அமர்ந்து எழுதினார்கள். பல்கலைக்கழகத்தில் எபிரேயமும் கிரேக்கமும் படித்த ஒருவர் ஐந்து வயதுக் குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்தார். அந்த ஆசிரியரின் மகன் கணபதி, பாட்டு இயற்றும் புலமை பெற்றவர். பிற்காலத்தில் கிறிஸ்தவரானார்.

எழுத்து தெரிந்தாலும் பொருள் தெரியவில்லை, ஏனெனில் ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பியவர் அழகப்பன். கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளை அறிந்தவர். அவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டு, சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டு எழுதிக்கொண்டார். எட்டு மாதங்களில் தமிழில் படிக்கவும் எழுதவும் பேசவும் ஓரளவு முடிந்தது என்று சீகன்பால்கு குறிப்பிடுகிறார்.

என் மாணவர்களைக் கடற்கரை மணலில் அமரச் செய்து, நுனிவிரலால் ‘ழ’ எழுதச் சொல்வேன். காற்று வீசியதும் எழுத்து கலைந்துவிடும், மறுபடி எழுத வேண்டும். அப்படி ஒரே எழுத்தைப் பத்து முறை எழுதிய பிறகுதான், அந்த இளைஞரின் முதல் மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்? மணி வாரியா தெரியுமா?

தெரியும். தம் படிப்பு நேரத்தை அவரே கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலை 7 முதல் 8 வரை, முன்பு கற்று எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்ப்பார். 8 முதல் 12 வரை, அதுவரை தாம் படித்திராத தமிழ் நூல்களை மட்டுமே படிப்பார். அருகில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புலவர் பாட்டின் பொருளை விளக்குவார். புதிதாக வரும் சொல்லையும் சொற்றொடரையும் எழுத்தர் உடனுக்குடன் குறித்துக்கொள்வார். உச்சிவெயில் நேரத்தில் படிப்பு நிற்கும். பிற்பகல் 3 முதல் 5 வரை மறுபடியும் வாசிப்பு. மாலை 7 முதல் 8 வரை, விளக்கொளியில் கண்ணை வருத்தாமல் இருப்பதற்காக, வேறொருவர் படிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். மிஷனரி என்றவுடன் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்பவரையே நாம் கற்பனை செய்கிறோம். அந்தத் தொடக்க ஆண்டுகளில் இவருடைய வாரத்தின் பெரும்பகுதி தமிழ்ப் புலவர் ஒருவரின் முன் மாணவராக அமர்ந்திருப்பதிலேயே கழிந்தது. அந்தப் புலவருக்கும் எழுத்தருக்கும் சிலை இல்லை. பெயர்கூட நம் பாடநூல்களில் இல்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

இப்படிப் படிச்சு என்ன சாதிச்சார்?

1708இல், தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் தயாரித்தார். தமிழ்ப் புலவர்களின் நூல்கள் மட்டும் அதில் 119. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது, மக்கள் அதை எப்படி மதிக்கிறார்கள் என்ற குறிப்பும் உண்டு. திருக்குறளும் அதில் இடம்பெறுகிறது. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1712 வாக்கில் அவர் தொகுத்த சொற்கள் 40,000 அளவுக்கு வளர்ந்திருந்தன.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி, 1711 மார்ச்சில் முடித்தார். இவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுத்தாணியால் ஓலையில் எழுதினார். அதாவது, மேலே சொன்ன அதே அறையில் அதே மனிதர்களின் துணையோடுதான் அந்த வேலையும் நடந்தது.

ஞாயித்துக்கிழமை என்ன செய்வார்?

வாரத்தில் குரல் மிகவும் தேய்ந்துபோகும் நாள் அது. 1707 ஆகஸ்ட் 14 அன்று மிஷனரிகள் தங்களுக்கென்று ஒரு சிறிய ஆலயத்தைத் திறந்தார்கள். அங்கே தமிழிலும் போர்த்துகீசிய மொழியிலும் ஆராதனை நடந்தது. கம்பெனிப் படையில் ஜெர்மானியர்களும் இருந்ததால் ஜெர்மன் பிரசங்கமும் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. ஐரோப்பிய உடை அணிந்தவர்கள் இருக்கைகளிலும், தமிழர்கள் பாயிலும் தரையிலுமாக அமர்ந்தார்கள். அந்த ஆலயம் கடலுக்கு மிக அருகில் இருந்தது. பின்னாளில் கடல் அதைக் கொண்டுபோய்விட்டது. இன்று நாம் காண்பது 1718இல் கட்டி முடித்த இரண்டாவது ஆலயம்.

போர்த்துகீசியம் எதுக்கு? இங்க டேனிஷ்காரங்கதானே இருந்தாங்க?

சோழமண்டலக் கடற்கரையில் ஐரோப்பியர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே வழங்கிய பொதுமொழி அப்போது போர்த்துகீசியம்தான். கலப்பினத்தார், வீட்டுப் பணியாளர்கள், ஐரோப்பியர் வீட்டு அடிமைகள் ஆகிய பலர் அதையே பேசினார்கள். 1707 மே மாதத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனிஷ்காரர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். இதைச் சொல்லும்போது மாணவர்கள் அமைதியாகிவிடுகிறார்கள். இந்த ஊரின் அழகிய வெள்ளைக் கட்டடங்களுக்குள் அடிமைகளும் வாழ்ந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல என்னால் முடியாது.

படிப்பும் பிரசங்கமும் தவிர வாரம் முழுக்க வேற வேலை இருந்துச்சா?

பள்ளிக்கூடம் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலும், மற்றவர்களுக்குப் போர்த்துகீசிய மொழியிலும் கட்டணமின்றிக் கற்பித்தார்கள். சிறுமிகளுக்கும் இடம் உண்டு. வறிய பிள்ளைகளுக்கு உணவும் தங்குமிடமும் தரவேண்டியிருந்ததால், பணத்தட்டுப்பாடு அவருடைய கடிதங்களில் ஓயாத கவலையாக இருக்கிறது.

மாலையில் ஊருக்குள்ளும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நடப்பார். சத்திரங்களிலும் மரத்தடிகளிலும் மக்களுடன் நீண்ட உரையாடல்கள் நிகழ்ந்தன. ஆனால் டேனிஷ் எல்லையைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய மன்னரின் நாடு. அனுமதியின்றி ஐரோப்பியர் உள்ளே செல்வது ஆபத்து. 1709இல் தஞ்சைக்குச் செல்ல முயன்று பாதி வழியிலேயே திரும்ப நேர்ந்தது. கடலோரமாகச் சென்னைப்பட்டினம் வரை சென்று வந்திருக்கிறார்.

ஊர் மக்கள் அவர்கிட்ட என்ன சொன்னாங்க? கேட்டுட்டு சும்மா இருந்தாங்களா?

சும்மா இருக்கவில்லை. உங்கள் மதம் நல்லதென்றால் உங்கள் ஊர்க்காரர்கள் ஏன் குடித்துவிட்டுச் சண்டையிடுகிறார்கள், மாட்டைக் கொன்று தின்கிறார்கள், ஏன் ஒழுங்காகக் குளிப்பதில்லை என்றெல்லாம் நேரிலேயே கேட்டார்கள். இதற்கு விடை சொல்வது அவருக்கு எளிதாக இல்லை. கரையிலிருந்த ஐரோப்பியர்களின் நடத்தையே தம் பணிக்குப் பெருந்தடை என்று அவரும் எழுதினார்.

1712 முதல் 1714 வரை, அவரும் கிரண்ட்லர் என்ற உடன் ஊழியரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி விடைக்கடிதங்கள் பெற்றார்கள். சமயம், சடங்கு, மருத்துவம், திருமணம், கல்வி எனப் பலவும் அவற்றில் உள்ளன. அவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சாதாரணத் தமிழர்கள் தம் வாழ்வைத் தாமே விவரித்த கடிதங்கள் இந்த அளவுக்கு வேறெங்கும் கிடைப்பது அரிது.

வீட்டுக்குப் பேசணும்னா? கடிதம் போக எத்தனை நாள் ஆகும்?

அவர் வந்த பயணமே ஏழு மாதங்களுக்கு மேல் நீடித்தது. கடிதமும் அதே கப்பலில்தான் போகவேண்டும், அதுவும் பருவக்காற்று வாய்த்தால்தான். கேள்வி ஒன்று கேட்டால் விடை வர ஒன்றரை ஆண்டு ஆகலாம். இன்று வெளிநாட்டில் ஊழியம் செய்யும் இளைஞர் வாரம் ஒரு முறை தாயின் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசுகிறார். சீகன்பால்கு எந்த முடிவானாலும் தாமே எடுத்துவிட்டு, அது சரியா தவறா என்ற தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அந்தத் தீர்ப்புகளில் ஒன்று அவரை எவ்வளவு காயப்படுத்தியது என்பது அவர் மரணம் பற்றிய விடையில் வருகிறது.

அவரை ஜெயில்ல போட்டாங்களாமே, மதம் மாத்தினதுக்கா?

நேரடியாக அதற்காக அல்ல. தமிழ் நாவிதர் ஒருவர் இறந்த பின், அவருடைய கடன் தொடர்பாக அவர் மனைவிக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. சீகன்பால்கு அந்த விதவையின் பக்கம் பேசினார். ஏற்கெனவே பகை கொண்டிருந்த ஹாசியஸ், தம் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதி, 1708 நவம்பரில் அவரைக் கோட்டைக்குள் அடைத்தார். நான்கு மாதங்கள் அங்கே இருந்தார்.

அந்த வாரங்களில் புலவரும் இல்லை, எழுத்தரும் இல்லை. எழுதும் பொருள்கள் கைக்குக் கிடைத்தபோது ஜெர்மன் மொழியில் பக்தி நூல்களை எழுதினார். கோட்டையைச் சுற்றிப் பார்க்க வரும் மாணவர்களை நான் அதன் கீழ்த்தள அறைகளில் சிறிது நேரம் நிற்கவைப்பேன். தடித்த சுவர், புழுக்கம், வெளியே அலையின் ஓசை. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

இந்தியாவில் முதல்ல அச்சடிச்சது இவர்தானே? பாடப்புத்தகத்துல அப்படித்தானே இருக்கு?

இல்லை. இதில் பலரும் தவறுகிறார்கள். அச்சில் தமிழ் எழுத்துகளைக் கண்ட ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. ஆயினும் அந்தத் தொடக்க கால அச்சுப்பணி நெடுநாள் நீடிக்கவில்லை. சீகன்பால்கு வந்தபோது தமிழ் அச்சகம் எதுவும் இயங்கவில்லை.

லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரமும், ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்து சேர, 1713இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு தொடங்கியது. நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், முழுப் புதிய ஏற்பாடு 1715இலும் வெளிவந்தன. ஹாலே எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாறில் காகித ஆலையும் நிறுவினார்கள். ஆகவே ‘முதல்’ என்ற பட்டம் அவருக்குரியதல்ல. இந்திய மொழி ஒன்றில் முழுப் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்த பெருமை அவருக்கு உண்டு.

‘தேவன்’னு இன்னைக்கு பைபிள்ல இருக்கே, அது இவர் போட்ட சொல்லா?

இல்லை. கடவுளைக் குறிக்க இவர் ‘சருவேசுரன்’ என்ற சொல்லை ஆண்டார். அவருக்கு முன்பே கத்தோலிக்கத் துறவிகள் பயன்படுத்திய சொல் அது. பின்னர் வந்த பைபிள் மொழிபெயர்ப்பாளர் ஃபபிரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். ‘தேவன்’ அதற்கும் பின்னால் நிலைபெற்றது.

தமிழ் நூல்களை அவ்வளவு விரும்பினவர், அப்புறம் ஏன் மதம் மாத்த வந்தார்? முரணா இல்லையா?

முரண்தான். அதை மழுப்பக் கூடாது. மக்களைக் கிறிஸ்துவிடம் அழைக்கவே அவர் வந்தார், கடைசி வரை அதில் உறுதியாக இருந்தார். தமிழரின் தெய்வ வழிபாட்டைப் பிழையென்றே கருதினார். ஆனால் நாள்தோறும் எட்டு மணி நேரம் அவர்களுடைய நூல்களைப் படித்ததால், இம்மக்கள் அறிவற்றவர்கள் என்ற ஐரோப்பியரின் எண்ணம் முற்றிலும் தவறு என்பதையும் உணர்ந்து எழுதினார்.

1713இல் தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். மிஷனரிகளை அனுப்பியது இந்தச் சமயத்தை வேரறுக்கவே, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று கூறி ஃபிராங்கே அதை அச்சிடாமல் விட்டார். அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. அவருடைய நம்பிக்கையைப் பகிராதவர்களும் அந்த நூலை இன்று ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

ஓலைச்சுவடிகளை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றாங்களே?

அவர் சுவடிகளை விலைக்கு வாங்கினார், பலவற்றைப் படியெடுக்கச் செய்தார். எழுத்தர்களைத் தொலைவான ஊர்களுக்கும் அனுப்பி, பிராமண விதவைகளிடமிருந்து குறைந்த விலைக்குப் பெற்றதாக அவரே எழுதியிருக்கிறார். கணவனை இழந்த பெண் தன் வீட்டுச் சுவடியை எந்த நிலையில் விற்றிருப்பாள் என்பதை நாம் ஊகிக்கலாம். அதை நேர்மையான வாணிகம் என்று சொல்லி நான் கடந்துவிட மாட்டேன். ஹாலேயில் இன்றும் தமிழ்ச் சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. அவர் எழுதிய பட்டியல் இல்லையென்றால், 1708இல் இந்தக் கரையில் எந்தெந்த நூல்கள் வழங்கின என்ற செய்தியும் நமக்குக் கிடைத்திராது.

அவர் சபையில சாதி பார்த்தாங்களா?

பார்த்தார்கள். தரங்கம்பாடி மிஷனில் சாதிக்கேற்பத் தனித்தனியே அமரும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது. மிஷனரிகள் அதை ஒழிக்கவில்லை. ஒரே நற்கருணையில் பங்குபெற்றவர்கள் ஒரே பாயில் அமரவில்லை. அவருடைய உழைப்பை மதிக்கும் நான் இதையும் அதே ஆலயத்துக்குள் நின்றுதான் மாணவர்களிடம் சொல்கிறேன்.

36 வயசுலேயே இறந்துட்டாரே, என்ன ஆச்சு?

1714இல் உதவி தேடி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். மேலே சொன்ன வாசிப்பு கப்பலிலும் நிற்கவில்லை. மலையப்பனின் துணையோடு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் லத்தீன் மொழியில் வெளிவந்தது. அங்கே மரியா தொரத்தேயா என்பவரை மணந்து, 1716இல் திரும்பினார்.

அதன் பின் கோபன்ஹேகனிலிருந்த மிஷன் நிர்வாகம் மாறியது. மிஷனரிகள் கட்டடமும் பள்ளியும் என்று பணத்தைச் செலவிடக் கூடாது, எளியவர்களாக நடந்து நற்செய்தி சொன்னால் போதும் என்ற கடுமையான கண்டனக் கடிதம் வந்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்த உடல் அதைத் தாங்கவில்லை என்றே அவரை அறிந்தவர்கள் கருதினார்கள். 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் என்னும் நூல் வரை மொழிபெயர்த்திருந்தார். எஞ்சியதைப் பின்னர் வந்த பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

நாங்க ஒரு நாள் வந்தா எதைப் பார்க்கணும்?

நகர வாயிலைக் கடந்து ராஜ வீதிக்குள் நுழைந்தால் புதிய எருசலேம் ஆலயம் வரும். முகப்பின் உச்சியில் மகுடத்தோடு கூடிய நான்காம் ஃபிரெடரிக்கின் முத்திரையையும் 1718 என்ற ஆண்டையும் காணலாம். உள்ளே சீகன்பால்குவும் கிரண்ட்லரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வீதியின் கடைசியில் கோட்டை, அதன் பின்னே கடல். வெயில் தாழ்ந்து நான்கு மணிக்கு மேல் வந்தால், மீனவர் குடியிருப்புப் பிள்ளைகள் கரையில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஈரமணலில் அவர்கள் தங்கள் பெயரை எழுதி, அலை வந்து அழிப்பதற்குள் ஓடிப்போய் மறுபடி எழுதுவதையும் சற்று நேரம் நின்று பாருங்கள்.